கையைப் பிடிக்காதீர்கள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் உட்கார்ந்திருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். ரத்தம் வருகிற கதை. முன்னாலேயே சொல்லிவிட்டேன், நடுவில் எழுந்து ஓடிவிட்டு அப்புறம் திட்டக்கூடாது. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை மட்டும் பிடிக்க வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஒரு டயர் கடை. அதன் பின்பக்கத்தில் ஓர் அறை. முன்பு பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடம் என்பதால், எத்தனை முறை கழுவி விட்டாலும் ரப்பர் நாற்றம் போகாது. அந்த அறையில்தான் சங்கம். கால் போனவர்கள், கண் போனவர்கள், காது கேளாதவர்கள் என்று சனிக்கிழமைதோறும் முப்பது பேர் கூடுவார்கள். பஸ்ஸில் ஏற்றாத கண்டக்டர் மீது ஒரு மனு, பிள்ளையைச் சேர்க்காத பள்ளிக்கூடத்தின் மீது ஒரு மனு. பாதி நேரம் மனு எழுதுவார்கள். மீதி நேரம் ஒருவரை ஒருவர் கேலி பண்ணுவார்கள்.

தலைவருக்குச் சக்கரம் என்று பேர். லாரி ஓட்டியவர். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பதினாறு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். "ஆபீஸ்காரங்க நம்ம பேரைத்தான் வருஷா வருஷம் மாத்துறாங்க, படிக்கட்டை ஒருத்தனும் மாத்தல" என்று எந்தக் கூட்டத்திலும் ஒரு முறையாவது சொல்லாமல் விடமாட்டார்.

செயலாளர் ஒரு தையல்காரி. சிறுவயதுக் காய்ச்சலில் ஒரு கால் வற்றிப்போய், கக்கத்தில் கட்டை வைத்து நடப்பவள். சங்கத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. சொந்தத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அக்கா. அந்தத் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கையால் பேசுவாள். அவள் பேசும் வேகத்தைப் பார்த்துச் சங்கம் அவளுக்கு வைத்த பேர் மின்னல்.

இன்னும் ஒருவர் உண்டு, மாவுக்காரர். ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர். நாற்பது வயது, ஆள் கதவு அகலம். பிறவியிலேயே காது கேட்காது. இருபது வயதுக்கு மேல் கண்ணும் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து ஒரு நாள் முழுசாக மூடிக்கொண்டது. மின்னல் கையால் பேசும்போது, அவர் தன் உள்ளங்கைகளை அவள் கைகளின்மேல் லேசாக வைத்துக்கொள்வார். பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி. அப்படித் தொட்டே அத்தனையும் படித்துவிடுவார். ஊர்க்கதை, சண்டை, யார் முகத்தில் எத்தனை பரு என்பது வரைக்கும். அவருக்காகவே அறை முழுவதும் பழைய பெட்டிப் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். பலகையில் ஒரு மிதி மிதித்தால் யாரோ வந்தாயிற்று. இரண்டு மிதி, டீ வந்தாயிற்று.

சுவரில் ஒரே ஒரு சட்டம் எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து. "காது கேளாதவர் கையை யாரும் பிடிக்கக் கூடாது." புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். கேட்கிறவர்களுக்கு வாய் எப்படியோ அப்படி அவர்களுக்குக் கை. கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவது. அதைவிட மோசம். வாயைப் பொத்தினால் முனகலாவது வரும்.

அந்தச் சட்டத்தை அவள் எங்கே படித்தாள் என்று கேளுங்கள். அவளுக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது, கட்டிப் போடுங்கள் என்று யாரோ ஒரு படித்தவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டினார். கட்டும்போது குழந்தை திமிறியது. "பிடிடி" என்றார் அப்பா. பிடித்தது யார்? அக்காதான். ஆறு மாதம், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு. பேச்சு வரவில்லை. மணிக்கட்டில் தழும்பு வந்தது.

இனிமேல்தான் கதை.

மின்னல் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் துவைத்து, ஆவியில் காயும் இரும்பு உருளைக்குள் விட்டு இஸ்திரி போட்டு அனுப்புவார்கள். உருளை இரண்டு ஆள் நீளம். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் காது கேளாத பெண்களாகப் பார்த்துப் பதினோரு பேரை வைத்திருந்தார்கள். மேஸ்திரி அடிக்கடி சொல்லுவான்: "காது இல்லாதவளுக்கு வாயும் இல்ல. நிம்மதி." வேலை நேரத்தில் கைப்பேச்சு கூடாது என்பது அவன் போட்ட சட்டம். மீறினால் இரும்பு அடிக்கோலால் விரல் கணுவில் அடி. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும் அவனுக்கு. அதனால் பெண்கள் அவனைக் குறிப்பிட இடுப்பில் கையை வைத்து விரல்களை ஆட்டுவார்கள்.

அந்தப் பதினோரு பேரில் சிட்டு என்று ஒரு சின்னப்பெண். மின்னலின் உயிர்த்தோழி. ஒரு மதியம் அவள் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் அந்த உருளைக்குள் போயின. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அவளாகவே கையை விட்டுவிட்டாள், கவனக்குறைவு என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தான். மற்ற பெண்கள் எல்லோரும் அவரவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். அலறல் அவர்களுக்குக் கேட்கவில்லை. எதிரே விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மின்னல் ஒருத்திதான் நடந்ததைப் பார்த்தாள்.

சங்கம் புகார் கொடுத்தது. முதல் விசாரணைக்குப் போனபோது அங்கே கைப்பேச்சு தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டாவது முறை அதிகாரியே மாறிப்போயிருந்தார். மூன்றாவது விசாரணைக்கு நாள் குறித்து, "பார்த்த ஆள் அன்றைக்கு நேரில் வந்து தன் சொல்லில் சொல்லாவிட்டால் கோப்பு மூடப்படும்" என்று கடிதம் வந்தது. ஆக, சிட்டுவின் சாவு முழுவதும் இப்போது மின்னலின் பத்து விரல்களில் இருந்தது. சங்கத்துக்கு அது தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையிலேயே அவன் தையல் கடைக்கு வந்தான். துணி அளக்கும் மேஜையில் சாவிக்கொத்தை வைத்தான்.

"உன் தங்கச்சிக்கு நல்லதுதான் சொல்றேம்மா. நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"அவளுக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கா."

"வர வைக்கலாம்." மேஜைமேல் கிடந்த பெரிய கத்தரியை எடுத்துத் திறந்து திறந்து மூடினான். "ஊமை கையை ஆட்டினா ஈ ஓட்டுறாளா சாட்சி சொல்றாளான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். கத்தரியைக் கீழ வை. துணி வெட்டுறது அது, கண்டதைத் தொட்டா மொண்ணையாயிடும்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அக்காவுக்கு அன்று முழுவதும் ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சங்க அறையில் நால்வர் கூடினார்கள். அக்கா, மின்னல், சக்கரம், மாவுக்காரர். விசாரணை பதினொரு மணிக்கு. மாவுக்காரர் சூடாக ரொட்டி கொண்டுவந்திருந்தார். மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து மின்னலின் கைகளைப் படித்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டார். "பசிக்குது" என்றாள் அவள்.

வெளியே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் கிளம்பியது. அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக அறையின் இரும்பு ஷட்டர் மேலேயிருந்து கீழே இறங்கியது. உள்ளே மூன்று பேர் நின்றார்கள். மேஸ்திரி, ஒரு தடியன், பனியன் போட்ட ஒருவன். பனியன்காரன் கையில் டயர் கழற்றுகிற நெம்புகம்பி. கடை வாசலில் கிடந்ததையே எடுத்து வந்திருந்தான்.

"கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றான் மேஸ்திரி.

"எங்கே?" என்று கேட்டுக்கொண்டே சக்கரம் நாற்காலியை உருட்டிக் குறுக்கே வந்தார். "கல்யாணத்துக்கா? பத்திரிகை வரலையே."

தடியன் முன்னால் வந்தான். நாற்காலியின் ஒரு சக்கரத்தில் காலை வைத்து உதைத்தான். சக்கரம் கவிழ்ந்தார். மேஜை முனையில் வாய் மோதி இரண்டு பல் பலகையில் உருண்டது. துப்பினார். நாற்காலியின் அடியில் எப்போதும் செருகியிருக்கும் லாரி ஸ்பானரை இழுத்தார். படுத்தவாக்கிலேயே வீசினார். தடியனின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்தது அடி. அவன் ஊளையிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவனை இரண்டாவது அடி தோளில் படுக்க வைத்தது.

மேஸ்திரி அக்காவின் கட்டையைப் பிடுங்கினான். அதனாலேயே அவள் விலாவில் அடித்தான். கட்டை இரண்டாக முறிந்தது. அக்கா மூச்சு நின்று விழுந்தாள். மறுபடி ஓங்கினான்.

மின்னல் பார்த்தாள். பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கினாள். நாள் முழுக்க ஈர விரிப்பு மூட்டைகளைத் தூக்கிய தோள் அது. ஸ்டூலின் கால் மேஸ்திரியின் நெற்றியில் இறங்கியது. தோல் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிய அவன் முழங்காலில் விழுந்தான். மின்னல் ஸ்டூலை மறுபடியும் உயர்த்தினாள். தலைக்கு நேர் மேலே. அவள் முகம் வெளுத்து, உதடு உள்ளே மடிந்து, பார்க்கவே ஆகவில்லை. அது சிட்டுவுக்கான அடி. அது விழுந்தால் மண்டை இருக்காது.

அக்காவுக்கு அந்தக் கணத்தில் ஓடியது ஒன்றுதான். இவன் செத்தால் இவள் கொலைகாரி. கொலைகாரி சொல்லும் சாட்சியை யார் எழுதிக்கொள்வார்? மேஜைக் காலைப் பற்றி எழுந்தாள். ஒற்றைக் காலில் தாவினாள். பின்னாலிருந்து தங்கையின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தாள்.

ஸ்டூல் கீழே விழுந்தது. பிடித்தது யாரென்று மின்னல் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கைகளை இழுத்தாள். அக்கா விடவில்லை. ஐந்து வயதில் இழுத்தாளே, அதே இழுப்பு. பத்து வயதில் பிடித்தாளே, அதே பிடி. இழுபறியில் நான்கு கைகளும் மேஜை விளிம்பில் ஒன்றாக அழுந்தி நின்றன.

பனியன்காரனுக்கு அதைவிட வசதியாக யார் பிடித்துக் கொடுப்பார்கள்? நெம்புகம்பியை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினான்.

காய்ந்த விறகு முறிகிற சத்தம் என்பார்கள். அப்படி இல்லை. ஈர விறகு. ஒரு அடி, இன்னொரு அடி. இரண்டாவது அடிக்கு முன்னால் அக்கா விட்டிருக்க வேண்டும். விரல்கள் இறுகிக்கொண்டன, விடவில்லை. அவளுடைய கட்டைவிரலும் சேர்ந்து நசுங்கிய பிறகுதான் பிடி விட்டது. மின்னல் கத்தினாள். அவளே கேட்டிராத அந்தக் குரல் அறையில் இருந்த ஒவ்வொருவரின் பல்லையும் கூசவைத்தது.

இத்தனைக்கும் நடுவே மாவுக்காரர் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பலகை மட்டும்தான் செய்தி சொல்லும். "இருபது டீ வருதுன்னு நெனச்சேன்" என்று பிற்பாடு சொன்னார். ஆனால் விழுகிற உடம்புகளின் அதிர்வு டீ மாதிரி இல்லை. எழுந்து நின்று கைகளை நீட்டினார். கண்ணில் ரத்தத்தோடு பின்வாங்கி வந்த மேஸ்திரி அந்தக் கைகளில் வந்து முட்டினான். மாவுக்காரர் தடவினார். சட்டை. இடுப்பு வார். சாவிக்கொத்து.

சாவிக்கொத்து!

அதற்கப்புறம் என்ன, கண்ணுகளா. தினமும் இரண்டு மூட்டை மாவை அடித்துப் பிசைகிற கை. மேஸ்திரியின் வலது கையை மணிக்கட்டிலும் முழங்கையிலும் பிடித்தார். மாவைத் திருப்பிப் போடுவது போல ஒரு திருப்பு. முழங்கை பின்பக்கமாக மடங்கியது. அவன் போட்ட அலறலும் அவருக்குக் கேட்காதே! விடவில்லை. பனியன்காரன் ஓடி வந்து அவர் தலையில் கம்பியால் அடித்தான். காது பாதி கிழிந்து தொங்கியது. தோளில் அடித்தான். முதுகில் அடித்தான். மாவுக்காரர் குனிந்து மேஸ்திரியைத் தன் உடம்புக்குக் கீழே அமுக்கிக்கொண்டு, இன்னும் ஒரு திருப்புத் திருப்பினார்.

காற்று நிரம்பி மெஷின் தானாக நின்றது. அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. ஷட்டர் மேலே போயிற்று. டயர் கடைக்காரரும் அவர் ஆட்கள் நால்வரும் உள்ளே பார்த்தார்கள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பனியன்காரனைச் சுவரில் இரண்டு முறை மோதினார்கள், மூன்றாவது முறைக்கு அவனே சரிந்துவிட்டான். மேஸ்திரியின் மேல் ஒரு லாரி டயரைப் போட்டு அதன்மேல் கடைக்காரரே உட்கார்ந்துகொண்டார், போலீஸ் வரும் வரைக்கும்.

டயருக்கு அடியிலிருந்து மேஸ்திரி சிரித்தான். பல் இடுக்கெல்லாம் ரத்தம். "போங்க. போய்ச் சாட்சி சொல்லுங்க. கையை ஆட்டச் சொல்லுங்க பாப்போம்."

மின்னல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, வேறு யாருடையதோ போல. விரல்கள் வெவ்வேறு திசை பார்த்தன. அக்கா தவழ்ந்து எதிரே போனாள். நசுங்கிய விரலோடு கையால் பேசினாள். "என்னை மன்னிச்சிடு. உன்னைக் காப்பாத்தத்தான்..." மின்னல் கண்ணை மூடிக்கொண்டாள். காது கேளாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நீங்கள் மலையேறி நின்று கத்தினாலும் உள்ளே போகாது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் கடைக்காரர். கட்டுப் போட வந்த கம்பவுண்டரை மின்னல் காலால் தள்ளினாள். முகவாயைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பத்தேகால். கட்டுப் போட்டால் அசைக்க முடியாது. அசைக்க முடியாவிட்டால் பேச முடியாது. சக்கரம் உடைந்த வாயைத் துணியால் அழுத்திக்கொண்டு சொன்னார்: "அவ முடிவு பண்ணிட்டா. வண்டியை எடு."

விசாரணை அலுவலகம் மாடியில் இருந்தது. படிக்கட்டு முப்பது. சக்கரம் கீழ்ப்படியிலேயே நாற்காலியை வழி மறித்துப் போட்டுக்கொண்டார். "நான் மேல வரமாட்டேன். மேடம் கீழ வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது." ரத்தம் வழியும் தாடையோடு ஒருவர் அப்படிச் சொன்னால் யார் தள்ளுவார்கள்? அதிகாரி அம்மா கீழே இறங்கி வந்தார். பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் மேஜை போட்டார்கள். சலவைக்கூட முதலாளி, அவருடைய வக்கீல், எழுதுகிறவர், சங்கத்து நால்வர்.

அதிகாரி மின்னலின் கைகளைப் பார்த்தார். "வேற நாள் வெச்சுக்கலாமா?" என்றார்.

வக்கீல் எழுந்தார். "மேடம், உங்க உத்தரவுலயே இன்னைக்குத்தான் கடைசின்னு இருக்கு. சாட்சி சொல்ல முடியலைன்னா மூடிட வேண்டியதுதான். இவங்க அக்கா சொல்றதை ஏத்துக்க முடியாது. அவங்க புகார்தாரர்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். மின்னல் கையைத் தூக்கினாள். கை எழுந்தது, விரல்கள் எழவில்லை. ஏதோ சொன்னாள். வீங்கிப் பன் மாதிரி இருந்த இரண்டு உருண்டைகள் காற்றில் அசைந்தன. முப்பது வருஷமாக அந்தக் கைகளைப் படித்த அக்காவுக்கு ஒரு சொல் புரியவில்லை. "புரியல" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவள் உயிர் பாதி போய்விட்டது.

"பார்த்தீங்களா" என்றார் வக்கீல்.

அப்போது மாவுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மின்னலின் எதிரே உட்கார்ந்தார். காதைச் சுற்றிக் கட்டிய துணி சிவந்து நனைந்திருந்தது. அவர் மெதுவாக அவள் தோளைத் தொட்டார். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு. உடைந்த இடங்களுக்கு மேலே கையை நிறுத்திக்கொண்டார். மின்னலின் உதடு துடித்தது. பேசினாள். மாவுக்காரர் தலையாட்டினார். பிறகு தன் கைகளை உயர்த்தி அக்கா இருக்கும் திசையில் சொன்னார்: "விரல் செத்துப்போச்சு. ஆனா நரம்பு பேசுது. எனக்குக் கேக்குது."

அக்கா அதை வாயால் சொன்னாள்.

"நாடகம்!" என்று கத்தினார் முதலாளி. "இந்த ஆளுக்கு முன்னாடியே கதை தெரியும். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுவான்."

அதிகாரி யோசித்தார். அக்காவைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து மின்னலின் கண்ணெதிரே காட்டினார், உடனே மறைத்துக்கொண்டார். மின்னல் கையை அசைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு முறை அசைத்தாள். பிறகு அக்காவைத் திருப்பினார்கள். மாவுக்காரர் தன் கைகளால் சொன்னார். அக்கா தயங்கித் தயங்கி வாய்விட்டுச் சொன்னாள்.

"பிஸ்கட். பாதி கடிச்சது. எங்க கடை சரக்கு இல்ல."

எழுதுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி அம்மா முகம் சிவந்து, பாதி பிஸ்கட்டை மேஜைமேல் வைத்தார். "சாட்சியைப் பதிவு பண்ணலாம்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே எலும்போடு எலும்பு உரசுவது மாவுக்காரரின் விரல்களுக்குத் தெரிந்தது. அவர் அழுதுகொண்டே படித்தார். அழுதுகொண்டே சொன்னார். அக்கா வாயால் சொன்னாள், எழுதுகிறவர் எழுதினார்.

"உருளைக்கு முன்னால ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை பட்டா மெஷின் நிக்கணும். அடிக்கடி நின்னு வேலை கெடுதுன்னு மேஸ்திரி அதைக் கம்பி சுத்திக் கட்டி வெச்சிருந்தான். சிட்டு அவனைக் கூப்பிட்டு, கட்டை அவுத்து விடுங்கன்னு கையால கேட்டா. அவன் கோலால விரல்ல அடிச்சான். அவ மறுபடியும் கேட்டா. பயமா இருக்குன்னு சொன்னா. 'கையை ஆட்டாதே'ன்னு அவன் வாய் அசைஞ்சுது, நான் பார்த்தேன். அவ நிறுத்தல. அவ ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சான். விரிப்பை மடிக்கிற மாதிரி மடிச்சான். அவ முகத்தால வேண்டாம்னு சொன்னா. என்னைப் பார்த்துச் சொன்னா. நான் விரிப்பை விட்டுட்டு ஓடினேன். நாலு எட்டு தூரம்தான். அதுக்குள்ள உள்ள வெச்சுட்டான்."

மின்னல் நிறுத்தினாள். மாவுக்காரரின் கைகள் காத்திருந்தன.

"மெஷினை நிறுத்தினது நான். அவன் இல்ல. அவ கை வெளிய வந்தப்ப பேசப் பார்த்தா. பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனாலும் முழங்கை அசைஞ்சுது. என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவரு அங்க இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வக்கீல் குறிப்பேட்டை மூடினார். முதலாளி தண்ணீர் கேட்டார், யாரும் கொடுக்கவில்லை. அதிகாரி கடைசியில், "உன் கையை யார் உடைச்சது?" என்று கேட்டார். மின்னல் கையை அசைத்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு மாவுக்காரர் சொன்னார், அக்கா அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது:

"அடிச்சது பனியன் போட்டவன். பிடிச்சது எங்க அக்கா. ரெண்டையும் எழுதுங்க."

எழுதினார்கள்.

மேஸ்திரி ஜெயிலுக்குப் போனான், கோணிய கையோடு. கூட வந்த இருவரும் போனார்கள். முதலாளிமேல் தனி வழக்கு. தடுப்புக் கம்பியின் கட்டை அவிழ்த்தார்கள், கூடத்தில் கைப்பேச்சுக்கு இருந்த தடையும் போயிற்று. மின்னலின் கைகளை டாக்டர்கள் மூன்று முறை திறந்து மூடினார்கள். இடது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. சிட்டு வரவில்லை. அதற்கு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது.

அக்கா தினமும் ஊட்டிவிட்டாள், தலை சீவிவிட்டாள், உடை மாற்றிவிட்டாள். மின்னல் வாயைத் திறப்பாள், கையைத் தூக்குவாள். கண்ணை மட்டும் கொடுக்க மாட்டாள். எட்டு மாதம். சட்டம் எழுதிய சுவரின் எதிரே உட்கார அக்காவால் முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் மனு எழுதினாள். சக்கரம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்: "நீ பிடிக்கலைன்னா அவன் செத்திருப்பான், இவ உள்ள இருப்பா. கணக்குப் போட்டுப் பாரும்மா." அக்கா, "கணக்கு சரிதான். கை யாரோடது?" என்றாள்.

ஒரு நாள் மதியம் தையல் கடைக்கு மின்னல் வந்தாள். மேஜைக்கு எதிரே நின்றாள். கைகளை நீட்டி, அக்காவைப் பார்த்து முகவாயை அசைத்தாள். அக்காவுக்குப் புரியவில்லை. மின்னல் எரிச்சலோடு, தானே அக்காவின் கைகளை எடுத்துத் தன் கைகளின்மேல் வைத்துக்கொண்டாள். அக்கா உடனே கையை எடுக்கப் பார்த்தாள். மின்னல் தலையால் வேண்டாம் என்றாள். அழுத்தாமல், மாவுக்காரர் வைப்பாரே, அந்த மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"கண்ணை மூடு."

மூடினாள். கோணல் விரல்கள் அவள் உள்ளங்கைக்கு அடியில் அசைந்தன. முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறையும் புரியவில்லை. மூன்றாம் முறை மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள் மின்னல்.

"நீ தெச்ச ரவிக்கை இடது கை இறுக்குது. பிரிச்சுத் தை."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. "சரி" என்றாள், வாயால். பிறகு நினைவு வந்து கையால் சொன்னாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்துகொள்ளுங்கள், கால் மரத்துப்போயிருக்கும். மெதுவாகப் பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டில் யார் எப்படிப் பேசினாலும் அதைக் கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் கைகள் நீட்டிய இடத்தில் சோறும், தொட்ட இடத்தில் அன்பும் இருக்கட்டும். யாருடைய கையும் உங்கள் வாசலுக்குள் கட்டப்படாமல், உங்கள் குடும்பம் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும்.